சீனி சுரண்டிய பர்கர்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் பர்கர்.

சிரிக்காதீர்கள். ஹல்துமுல்லையில், தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டில் பர்கரா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எல்லாம் மகளுக்காகத்தான். கௌசி கொழும்பில் ஒரு பர்கர் கடையில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறு அங்கே கூட்டம் அள்ளும். லீவு தர மாட்டார்கள். அதனால் வார நாளில் வந்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையே பஸ் ஏறிவிடுவாள்.

இந்த முறை அவளை விடக்கூடாது, வீட்டிலேயே நிறுத்தி பல்கலைக்கழகம் போக மறுபடி ஏ.எல். பரீட்சை எழுத வைக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். அதற்கு எதற்குப் பர்கர்? கொழும்பில் இருப்பது இங்கேயும் இருக்கிறது என்று காட்டினால் மனம் மாறாதா என்ற நப்பாசைதான்.

ஸ்கூல் விட்டதும் பேக்கரிக்கு ஓடினேன். பர்கர் பணிஸ் எங்கள் ஊருக்கு எங்கே வருகிறது? டீ பணிஸ்தான் இருந்தது. இனிப்பானது, மேலே சீனி ஒட்டியது. வீட்டில் உட்கார்ந்து கரண்டியால் சீனியைச் சுரண்டினேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆகவே சோயா மீட். ஊறவைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது கணவர் எட்டிப் பார்த்தார்.

“கோழி வாடை வருதே. இன்னைக்குச் செவ்வாக்கெழம, ஞாபகம் இருக்கா?”

“பாக்கெட்லதாங்க கோழி ருசின்னு போட்டிருக்கு. உள்ள கோழி இல்ல.”

“அப்ப சாமிக்கும் அந்தப் பாக்கெட்டைக் காட்டிரு.”

நானும் கவனமாகத்தான் செய்தேன். ஆனால் கை இருக்கிறதே... அது சொன்னபடி கேட்காது. சோயாவில் கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் தானாகவே விழுந்தன. வெலிமடை உருளைக்கிழங்கை நீளநீளமாக வெட்டியதுவரை சரி. வெட்டிய கையோடு, பழக்க தோஷத்தில், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துவிட்டேன். அவிந்த கிழங்கு எங்கே மொறுமொறுவென்று பொரியப் போகிறது? கடைசியில் கடுகு தாளித்து, இடித்த மிளகாய் போட்டுப் பிரட்டி இறக்கினேன்.

கௌசி இருட்டும் நேரத்தில் வந்தாள். கை கழுவ சட்டைக் கையை மடித்தபோதுதான் பார்த்தேன் — முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. நான் பார்ப்பதைக் கண்டு மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“நல்லா இருக்கும்மா,” என்றாள், சாப்பிட்டுக்கொண்டே. “இது பர்கர் இல்ல. ஆனா நல்லா இருக்கு.”

கிழங்கை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

“வந்திரு கௌசி. மறுபடி ஏ.எல். எழுது. நாங்க பாத்துக்கிறோம்.”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது.

“கெமிஸ்ட்ரிக்கு சேர் வந்துட்டாராம்மா?”

டவுன் ஸ்கூலில் எவ்வளவு ஆசையாக சயன்ஸ் வகுப்பில் சேர்ந்தாள், தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்த கெமிஸ்ட்ரி சேர் பாதியில் மாற்றலாகிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. அவர் இடத்துக்குத்தான் யாருமே வரவில்லை. பிள்ளைகள் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே படித்துப் பரீட்சைக்குப் போனார்கள். ரிசல்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

“இன்னும் இல்ல,” என்றேன்.

“பிசிக்ஸுக்கு?”

இருந்த பிசிக்ஸ் சேரும் போன மாதம் போய்விட்டார். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் கிழங்கை வைத்தேன்.

“பதுளைக்கு டியூஷன் போகலாமே,” என்றார் கணவர்.

“கிளாஸ் முடியறதுக்குள்ள நம்ம பக்கத்து கடைசி பஸ் போயிரும்பா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான் டீச்சர். படித்தால் முன்னேறலாம் என்று தினமும் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். எனக்கே அதில் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. வேறு எப்படிச் சொல்ல?

காலையில் பை கட்டும்போது, மிச்சமிருந்த கிழங்கைக் கேட்டாள்.

“யாருக்கு?”

“கூட வேலை செய்ற புள்ளைங்களுக்கு. எல்லாம் நம்ம பக்கந்தாம்மா. பசறை, லுணுகலை, மடுல்சீமை... எல்லாரும் சயன்ஸ் படிச்சவங்க. அவங்க ஸ்கூல்லயும் சேர் இல்லியாம்.”

டப்பாவை மூடிக் கொடுத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

எங்கள் பக்கத்துக்கு வர மனமில்லாத கெமிஸ்ட்ரி சேர் யாராவது இருந்தால், அந்தப் பர்கர் கடைக்காவது போங்கள்... வகுப்பு முழுக்க அங்கேதான் நிற்கிறது.