மாடி டீச்சர் கொடுத்த தபால்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சர், பக்கத்துக் கம்பெனியில் வெடியைச் சோதிக்கும் சத்தம் கேட்டால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் பாதையில் எங்கள் வீடு. முதன்முதலில் அதைப் பார்த்த அன்றே எனக்குப் பயம் வந்துவிட்டது.

டீச்சர் மிஷன் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள்; மாடியிலும் ஒன்று வைத்து வாசிப்பார்கள். மதுரை, கொடைக்கானல் என்று போய்ச் சபைகளில் வாசிப்பார்கள். பிறர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகைக்கு எழுதியும் அனுப்புவார்கள். “வாசிச்சது அங்கனயே கரைஞ்சு போயிரும் அக்கா. எழுதினாத்தான் நிக்கும்” என்பார்கள். ஐந்தாவது வரை படித்த எனக்கு அது பிடிபடவில்லை. எழுதுகிறவர் என்றால் மேலிடத்துக்கு மனு எழுதுகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் வெடிக் கம்பெனியில் போர்மேன். காகிதக் குழாய் உருட்டுவதை வீட்டில் செய்யலாம். அதில் வெடிமருந்து அடைக்கக் கூடாது. தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும்போது அவர் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து பின்கட்டில் அடைப்பார். வெளியே தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

“ஏ புள்ள, அந்தம்மா மணியெல்லாம் குறிக்காங்க, பாத்தியா? எல்லாம் இன்ஸ்பெக்டருக்குத்தான் போகுது” என்றார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் காய்ச்சலோடு இறங்கிவந்து ஓர் உறையை நீட்டினார்கள். “மதுரைக் கச்சேரி பத்தி எழுதினது அக்கா. அண்ணாச்சிகிட்டச் சொல்லி இன்னிக்கே தபால்ல சேத்திருங்க. பிந்தினா குப்பைதான்.”

நான் அதைச் சோற்றுப்பானை ஆவியில் காட்டித் திறந்தேன். நாலு தாளும் இங்கிலீஷ். கம்பெனிக் கணக்கரிடம் படிக்கச் சொல்லலாம் என்றால், அவர் லோடோடு வெளியூர் போயிருந்தார். திரும்ப ஐந்து நாள் ஆனது. இடையில் டீச்சர் கேட்டபோது, மாரியாத்தா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே, “அன்னிக்கே போட்டாச்சு டீச்சர்” என்றேன்.

கணக்கர் படித்துவிட்டுச் சிரித்தார். “அண்ணாச்சி, யாரோ ஒருத்தன் இடது கையை இன்னும் மெதுவா வாசிச்சிருக்கலாமாம். உம்ம கை வேலையைப் பத்தி ஒண்ணுமில்ல, தைரியமா இரும்.”

குழாய் ஒட்டும் மைதாப் பசையால் உறையை ஒட்டி அனுப்பினோம். பூச்சி அரிக்காமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்போம். காய்ந்தால் நீலம் தெரியும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாளில் கட்டுரை திரும்பி வந்தது. தபால் முத்திரைத் தேதியைப் பார்க்கச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் அந்த உறையையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். இனி வேறொருவர் எழுதுவார் என்றும் சொல்லிவிட்டார்களாம். டீச்சர் உறையின் மடிப்பை என் முன்னால் விரித்தார்கள். ஓரமெல்லாம் நீலம்.

“என்னப் பாத்து அம்புட்டுப் பயமா அக்கா? வெடிச் சத்தம் இல்லாத நேரமாப் பாத்து வாசிக்கத்தான் மணியைக் குறிச்சேன்.” உறையை மடித்தார்கள். பிறகு சொன்னார்கள்: “மருந்து வாடை மாடிக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். எழுதணும்னா அப்பவே எழுதியிருப்பேன். பிள்ளைக படுக்கிற வீடு அக்கா. அதை வெளிய கொண்டுபோகச் சொல்லுங்க.”

அப்போதும் இது மிரட்டலோ என்றுதான் என் புத்தி போயிற்று. என் வீட்டுக்காரர் அன்றே மருந்தை அப்புறப்படுத்தியதும் அந்தப் பயத்தில்தான். அடுத்த மாதம் டீச்சர் வீட்டைக் காலி செய்தார்கள். இன்ஸ்பெக்டர் யாரும் வரவில்லை.

என் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம், அவர்களைக் காத்துக்கொடுத்ததற்கு ஆத்தாளுக்கு நன்றி சொல்கிறேன். காத்தவரின் எழுத்தை நிறுத்தியவள் நான் என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.