வங்காலையில் பிறந்தும் நண்டு ஒத்துவராது

எழுதிப் பழக்கமில்லாத நான் உங்கள் வாசகர் பக்கத்தில் இடம் கேட்பதற்கு மன்னியுங்கள்.

நான் வேலை செய்த தையல் கடையை மூடியபின் எனக்கு வேலை இல்லை. நண்டுச் சதை எடுக்கும் கம்பனியில் ஆள் கேட்டார்கள். மீன்பிடி ஊரில் பிறந்தும், நண்டைத் தொட்டாலே எனக்கு உடம்பு தடிக்கும். சொன்னதும் மச்சாள் சிரித்தார்.

“வங்காலையில பிறந்த உமக்கு நண்டு ஒத்துவராதோ? வேலையில்லாத ஆளுக்கு என்ன தெரிவு? கிடைச்சதைச் செய்யும்.”

வெட்கத்தில் கம்பனியில் அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே நண்டு அவிக்கும் ஆவியில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. பக்கத்தில் நின்றவள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தேன்.

மச்சாள் பார்க்க வந்தார். “ஒரு நாள்கூட நிக்க ஏலாமப் போச்சே,” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எந்த வேலையும் செய் என்பவர்கள் அந்த வேலையைச் செய்து பார்ப்பதில்லை.

இப்போது வேலை கேட்கப் போனால், எனக்கு ஒத்துவராததை முதலில் சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், கம்பனியில் என் இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள்.