சொந்த லேத்தில் கடைந்த பின்

கணபதி ஏரியாவில் எங்கள் தெருவில் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்தவரின் சட்டைப் பையில் பேனா இருக்காது, அளவெடுக்கும் வெர்னியர்தான் இருக்கும். காபி டம்ளரைக்கூட அளந்துவிட்டுத்தான் குடிப்பார். ஆசைப்பட்டு ஒரு வெளிநாட்டு பைக் வாங்கினார். அதை ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டதே இல்லை.

“அவனுகளுக்குக் கழட்டத்தானுங்க தெரியும், கடையத் தெரியாதுங்க” என்பார்.

பிரேக்கில் ஒரு பின் தேய்ந்தபோது கம்பெனிப் பின் வாங்காமல் தானே கடைந்து மாட்டினார். அந்த வண்டியை இரவல் வாங்கிப்போன அவருடைய தங்கை கணவர் அவிநாசி ரோட்டில் பிரேக் பிடித்தார். பின் முறிந்து, வண்டி நிற்காமல் போய் மோதியது. தங்கை கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பட்டறைக்காரர் கட்டிலருகே நின்றிருந்தார்.

“பின்னு அளவு சுத்தமுங்க. மாப்பிள்ளைதான் பிரேக்க ஒரேயடியா அமுக்கிப்போட்டாருங்க” என்றார், படுத்திருந்தவரின் காதுபடவே.

பேச்சை மாற்ற நினைத்து, செயற்கைக்கால் எங்கே வாங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“வெளிய எதுக்குங்க? நானே கடைஞ்சு குடுத்தர்றேனுங்க.”

போர்வையை விலக்கி, மிச்சமிருந்த இடது காலில் வெர்னியரை வைத்தார். மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டார்.

“கொஞ்சம் ஆடாம இருங்க மாப்பிள்ளை. அளவு தப்பிப்போயிருமுங்க.”

அவர் குரலில் அத்தனை மரியாதை இருந்தது.