யா-டிங் மேடம் நடந்து போகிறார்

தைவானிலிருந்து வந்த யா-டிங் மேடத்துக்கு ஆம்பூர் எல்லாவற்றையும் கொடுத்தது: காற்றோட்டமான மாடி வீடு, வேளை தவறாமல் "சாப்டீங்களா?" என்ற விசாரணை. கேட்ட ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. காலையில் வீட்டிலிருந்து ஷூ கம்பெனிவரை தனியாக நடந்து போக வேண்டும். அவ்வளவுதான். நாள் முழுக்க சூப்பர்வைசர்களுக்குச் சீன மொழி கற்பித்து, அவர்கள் உச்சரிப்பையும் காதில் வாங்கிக்கொள்ளும் ஒருத்திக்கு அந்தக் கொஞ்ச நேர அமைதியாவது வேண்டாமா?

ஆனால் டீச்சர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஊர் சும்மா இருக்குமா?

தெருமுனையிலேயே முதல் பைக் நிற்கும். "இன்னா மேடம், நடந்து போறீங்க? ஏறுங்க!" என்பார் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர் வக்கார் அகமது. அவரை அனுப்பினால் தையல் பிரிவு தேவகியின் ஸ்கூட்டி. அவளையும் அனுப்பினால், முன்பின் தெரியாத லோடு ஆட்டோக்காரர் ஈரத் தோல்களை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக் கொடுப்பார். வீட்டுக்கார அக்தரி பேகம் மானேஜருக்கே போன் போட்டுவிட்டார்: "வெளிநாட்டுப் பொண்ணை நடக்க உட்டுட்டீங்களே, கம்பெனிக்கு அசிங்கமா இல்ல?"

பேஜாராகிப்போன மேடம், கற்ற தமிழையெல்லாம் திரட்டி வகுப்பில் ஆணையிட்டார்: "நாளைக்கு யாரும் ஏறச் சொல்லக் கூடாது. நான் நடப்பேன்."

வகுப்பு பயபக்தியுடன் தலையாட்டியது.

மறுநாள் ஒருவரும் ஏறச் சொல்லவில்லை. பாதித் தூரம் நடந்தாயிற்று. காக்கை கரைவதுகூடக் கேட்டது. பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். பின்னால் வகுப்பே வந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்து, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, வியர்வை வழிய, வாய் திறக்காமல்.

"ஏன் ஓட்டல?"

"நீங்க நடக்கும்போது நாங்க எப்டி மேடம் வண்டியில தாண்டிப் போறது?" வக்கார் அகமது அதிர்ந்தே போனார். "டீச்சராச்சே!"

டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஸ்ட்ரைக்கா? இன்னா கோரிக்கை?"

மேடம் வேகமாக நடந்தார். ஊர்வலமும் வேகம் எடுத்தது. நின்றார். அதுவும் நின்றது.

"மேடம், கம்பெனில சங்கு ஊதிடுவான்," என்று தேவகி முனகினாள். "லேட்டானா அரை நாள் சம்பளம் போய்டும். பரவால்ல, நீங்க நடங்க."

மேடம் வானத்தைப் பார்த்து, தன் தாய்மொழியில் ஏதோ சொன்னார். வகுப்பில் இன்னும் நடத்தாத பாடம் அது. பிறகு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஆனந்தமாக உறுமின.

"கெட்டியா புடிச்சிக்கோங்க மேடம்," என்றாள் தேவகி. "சாயங்காலம் உங்களை யாரு இட்டுனு போறதுன்னு இப்பவே சண்டை நடக்குது."