சமம் அண்ணன் கடையில் பூத்த குச்சி

நாற்காலியில் இருப்பவரின் பாதி முகம் சோப்பு நுரையோடு காத்திருக்க, கத்தியை மடித்து வைத்துவிட்டு ஒரு ஜாம் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிறார் சமம் அண்ணன். பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் விரல் நீளத்துக்கு பிகோனியா என்ற பூச்செடியின் குச்சி ஒன்று. அதில் வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பது இன்றைக்கு ஏழாவது தடவை. மணி இன்னும் எட்டரை ஆகவில்லை.

"வேர் இல்ல. ஆனா பூத்திருக்கு சார், பூ! காலே இல்லாம டான்ஸ் ஆடுது பாருங்க!" என்று குதிக்கிறார். நுரைக்குள் இருக்கும் பஸ் கண்டக்டருக்கு ஒன்பது மணிக்கு டியூட்டி.

அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்தது சும்மா அல்ல. இடது கிருதாவைக் கொஞ்சம் ஏற்றினால் வலதையும் ஏற்றுவார். வலது கூடிப்போனதாகத் தோன்றும், மறுபடி இடதுக்கு வருவார். "சமமா இருக்கணும் சார், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது." மீசையோடு உள்ளே வந்து மீசையில்லாமல் வெளியே போனவர்கள் இந்தத் தெருவில் மட்டும் மூன்று பேர். மூவரும் திரும்ப இவரிடமே வருகிறார்கள். அண்ணனின் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்பதில்லை.

வீட்டில் நடந்ததுதான் விபரீதம். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒன்பது வருடமாக ஒரு பிகோனியாவைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தார். "காய்ஞ்ச இலை ரெண்டு இருக்கு, எடுத்துவிடுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் எடுத்தார். இடப்பக்கம் வெறிச்சென்று தெரிந்தது. அதற்காக வலப்பக்கத்தில் கை வைத்தார். சாயங்காலம் மனைவி வந்து பார்த்தபோது தொட்டியில் நின்றது சுத்தமான மொட்டை. நாலே நாளில் அதுவும் அழுகிவிட்டது. வெட்டிப்போட்டதில் ஐந்து குச்சிகளை அண்ணன் பொறுக்கித் தண்ணீரில் வைத்தார், நான்கு கூழாகிவிட்டன. மிச்சம் இந்த ஒன்றுதான். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் அண்ணன் பாட்டிலைக் கடைக்கே தூக்கி வந்து காவல் இருக்கிறார்.

வேலைக்குப் போகிற வழியில் இதோ மனைவியே வந்துவிட்டார்.

"பூவைக் கிள்ளுங்க. இருக்கிற சத்தை எல்லாம் அதுவே தின்னுட்டா வேர் எப்படி விடும்?"

"இவ்வளவு அழகா இருக்கே... நீயே கிள்ளேன். என் கைய என்னாலேயே நம்ப முடியல."

"மாட்டேன். நீங்கதான் வெட்டணும். அந்தக் காம்பு மட்டும். ஒரே ஒரு வெட்டு."

அண்ணன் இருப்பதிலேயே சின்னக் கத்தரியை எடுத்தார். டக். ரோஜா நிறப் பூ உள்ளங்கையில் விழுந்தது. கத்தரி நிற்கவில்லை, காற்றிலேயே கிரிச் கிரிச்சென்று வெட்டிக்கொண்டிருந்தது. குச்சியில் இருந்தவை இரண்டே இலைகள். இடது பெரிது, வலது சிறிது.

கத்தரி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. காய்ந்துபோன நுரையோடு கண்டக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கத்தரியை மேஜைமேல் வைத்தார். கைக்கண்ணாடியை எடுத்தார். முடி வெட்டி முடித்த வாடிக்கையாளருக்குப் பிடரியைக் காட்டுவதுபோல, குச்சிக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.