உப்புக் கேட்காத நாள்

கட்டிய மனைவியைப் பார்த்து ஊரறிய வாயைப் பிளக்கும் ஆண்பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லை என்றால் இலுப்பூருக்கு வாருங்கள், சவரியப்பன் மாஸ்டரைக் காட்டுகிறேன். ஆயிரம் பேர் விருந்துக்கு அடுப்பு மூட்டிவிட்டு அசராமல் வெற்றிலை போடுகிற மனுஷன். அதட்டினால் பந்தல்காரனும் ஓடிவருவான். ஆனால் வீட்டுக்காரி அழகியின் பேச்சை எடுத்தால் போதும், குரல் இறங்கிவிடும். “அது மனுசி இல்லைங்க, வேற என்னமோ” என்பார். மகள் கல்லூரிக்குப் போகிற வயசு வந்தும் அந்த ஆச்சரியம் அவருக்குத் தீர்ந்தபாடில்லை.

அழகி கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது சவரியப்பன் வேறொரு மாஸ்டருக்குப் பின்னால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் விருந்து வீட்டுக்கு வந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தாள். “நல்லாத்தான் வெட்டுறீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவருக்கே வெட்டுவீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டது. மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷமே சொந்தமாக அடுப்பு வைத்தார். திருச்சியில் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்த அவர் தம்பி பீட்டரை அவளே போய் அழைத்து வந்தாள். பீட்டருக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். வந்த அன்புச்செல்வியிடம் மளிகைச் சாமான் பொறுப்பு முழுவதையும் தூக்கிக் கொடுத்தாள். இன்றைக்கு அன்னவாசலுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் முகூர்த்தம் என்றால் முதலில் இவர்களுக்குத்தான் போன் போகிறது.

அவள் தொழில் பண்ணுகிற அழகே தனி. ஒரு வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிடுவாள். என்ன கறி, எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். “ஒங்க வீட்டுல யாரு யாரோட பேசுறதில்ல?” என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்காரர் திகைத்துப்போவார். ஆனால் சொல்லிவிடுவார். முறைத்துக்கொண்டிருக்கிற பங்காளிகள் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்காராமல் பார்த்துக்கொள்வாள். விருந்தில் கைகலப்பு வராமல் போனதற்குக் காரணம் சமையல்காரி என்பது அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பந்தி போடும் முன் சமையல்கட்டில் ஓர் இலை போட வேண்டும். குடும்பத்தில் ஒருவர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் ருசி தெரியாது என்பாள். ஆரம்பத்தில், “வேலை கெடக்குறப்ப ஒனக்குப் பந்தி கேக்குதா?” என்று கேலி பண்ணியவர்தான் சவரியப்பன்.

இப்படி ஊர்ப் பகையை எல்லாம் சமாளிக்கிறவள் வீட்டிலேயே பகை வந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணனைக் கேட்காமல் பீட்டர் ஒரே நாளில் இரண்டு விருந்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். சவரியப்பனுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வேலையாட்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, “கரண்டி புடிக்கத் தெரியாத பயலுக்குப் பெரிய மனுசத்தனம் வேறயா!” என்று கத்திவிட்டார். பீட்டர் முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சே இல்லை. கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, “அண்ணி, வெறகு போதும்னு அவருகிட்ட சொல்லுங்க” என்பான். அவரும், “தெரியும்னு சொல்லு” என்பார். அழகிதான் நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் பீட்டர் சொல்லிவிட்டான். வருகிற சோலையப்பன் வீட்டுக் காதுகுத்தோடு சரி, பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போகிறான். அன்றைக்குச் சாயங்காலம் சாமான் ஏற்ற வேறு வண்டியும் சொல்லியாயிற்று.

சவரியப்பன் வெளியில் விறைப்பாகத்தான் இருந்தார். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. தோளில் தூக்கி வளர்த்த தம்பி. மன்னிப்புக் கேட்க வாய் வந்தால்தானே!

காதுகுத்து, கருப்பர் கோயில் தோப்பில். கிடா வெட்டு. சாமிக்குப் படைக்கும்வரை யாரும் குழம்பை நாக்கில் வைக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. முதல் அண்டாவில் கறி வெந்துவிட்டது. இரண்டாவது அண்டா பிறகுதான் ஏற்றியது, இன்னும் உப்புக்கு வரவில்லை. எப்போதும் அண்ணன், “உப்பு?” என்று குரல் கொடுப்பார், தம்பி, “போட்டாச்சு” என்பான். அன்றைக்குக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. ‘வீம்பு புடிச்ச பய, போட்டிருக்க மாட்டான்’ என்று அண்ணன் முதல் அண்டாவில் அள்ளிப் போட்டார். அவர் சோற்றைப் பார்க்கப் போன நேரத்தில், ‘அவரு கோவத்துல மறந்திருப்பாரு’ என்று தம்பியும் அதிலேயே அள்ளிப் போட்டான்.

படையல் முடிந்தது. கருப்பர் வாயைத் திறக்கவில்லை. அன்புச்செல்விதான் அன்றைக்கு இலையில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தவள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தாள். “அக்கா... கடல் தண்ணி!” என்றாள்.

வெளியே சனம் இலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்துப் பேரும் இந்தத் தோப்போடு போயிற்று என்று நினைத்தார் சவரியப்பன். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

அழகி கத்தவில்லை. யாரையும் முறைக்கவுமில்லை. “ரெண்டாவது அண்டால ஒரு கல்லு உப்பு விழக்கூடாது” என்றாள். அதற்குமேல் செய்ததுதான் சவரியப்பனுக்கு இன்றுவரை நம்ப முடியாதது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சோலையப்பனிடம் போனாள்.

“அண்ணே, குழம்புல தப்பு நடந்துபோச்சு. சரிபண்ண நேரம் வேணும். பந்தியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.”

சோலையப்பனுக்கு மீசை துடித்தது. “என்னத்தா சொல்ற? சம்பந்தி சனம் வந்து ஒக்காந்திருக்கு! எவன் செஞ்ச வேலை இது?”

“நாங்கதாண்ணே.”

“அதான், எவன்னு கேக்குறேன்.”

“எங்க வீட்டுல தனித்தனியா யாரும் எதுவும் செய்யுறதில்லண்ணே. நாங்கதான் செஞ்சோம். நாங்களே சரிபண்ணுறோம்.”

சொன்னது அடுப்படிவரை கேட்டது. பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான். சோலையப்பன் என்ன நினைத்தாரோ, “சரித்தா, பாத்துச் செய்யி” என்று போய் மேளக்காரர்களை இன்னொரு சுற்று வாசிக்கச் சொன்னார்.

இரண்டாவது அண்டா வெந்ததும், சோற்றுக்கு வைத்திருந்த பெரிய கொப்பரையைக் கழுவி நடுவில் வைக்கச் சொன்னாள். உப்பானதையும் உப்பில்லாததையும் அதில் கொட்டிக் கலக்க வேண்டும். வேலையாட்கள் பக்கெட்டோடு ஓடிவந்தார்கள்.

“பக்கெட்டுல மொண்டா கறி ஒடைஞ்சிரும். அண்டாவோட தூக்கிக் கொட்டணும். நீங்க ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்” என்றாள்.

கொதிக்கிற அண்டா. காதுகளில் கம்பைக் கோத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். பேசாமல் தூக்க முடியாது. ஒருவன் முந்தினால் மற்றவன்மேல் கொட்டிவிடும். இருவரும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோப்பில் மேளம் மட்டும் கேட்டது.

“...தூக்கட்டாடா?” என்றார் சவரியப்பன்.

“ம். தூக்குண்ணே.”

நாலெட்டு வைத்ததும் கொப்பரை கழுவிய சேற்றில் சவரியப்பனுக்குக் கால் வழுக்கியது. அண்டா அவர் பக்கம் சாய்ந்தது. பீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தைத் தன் பக்கம் இழுத்தான். குழம்பு அலம்பி அவன் முழங்கையில் தெறித்தது. கம்பை விடவில்லை. “நான் புடிச்சுக்கிட்டேன், நீ காலை ஊனுண்ணே, பதறாத” என்றான்.

கொட்டிவிட்டுக் கம்பைக் கீழே போட்டதும் சவரியப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார். “நான்தான்டா ஒண்ணுந் தெரியாத பய. ஒன்னையப் போயி அப்புடிச் சொன்னேனே, என் நாக்கு அழுகிப்போகணும்டா.” பீட்டர், “விடுண்ணே, சனம் பாக்குது” என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அன்புச்செல்வி வாழைமட்டைச் சாற்றைப் பிழிந்து அவன் கையில் விட்டாள்.

பந்தி நடந்தது. குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். சாயங்காலம் வந்த தனி வண்டியைப் பீட்டர் வாடகை கொடுத்து வெறுமனே அனுப்பிவிட்டான்.

அடுப்பெல்லாம் அவிந்த பிறகுதான் சவரியப்பனுக்கு ஒன்று உறைத்தது. பந்திக்கே பக்கெட்டில்தானே மொண்டு போகிறார்கள், அதில் உடையாத கறியா இதில் உடைந்துவிடும்? பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த அழகியிடம் போனார்.

“ஏம்மா, வேணும்னுதான் தூக்க விட்டியா?”

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்து அடுக்கினாள்.

“கொதிக்கிற அண்டாம்மா. யாருக்காவது ஒண்ணு ஆகியிருந்தா? ஒனக்குப் பயமே கெடையாதா?”

அவள் திரும்பினாள். எதற்கும் கலங்காதவள் என்று இத்தனை வருஷமாக அவர் நினைத்திருந்த அந்த முகம் வெளுத்துக் கிடந்தது.

“உசுரே இல்லைங்க எனக்கு. நீங்க வழுக்குனப்ப கண்ணை மூடிக்கிட்டேன்” என்றாள். “ஆனா தம்பி தனி வண்டியில ஏறிப் போறதை நெனச்சா, அது இதைவிடப் பயமா இருந்துச்சு.”