தொப்பிக்காரரின் மௌனமும் கடை ரோல்ஸும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையனாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. ஸ்காபரோவில் அந்த வகையில் என்னோடு போட்டிக்கு நிற்கப் பலர் உண்டு. ஆனால் மகளின் கலியாணப் பேச்சுக்கு வந்தவர்களுக்கு முன்னால், செத்து இருநூறு வருடமாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் தொப்பி வியாபாரியைப் போல உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில்தான் எல்லாம் தொடங்கியது. மிசிசாகாவில், விமான நிலையச் சரக்குக் கிட்டங்கியில் முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு பெட்டி தூக்குகிறவர்களை மேய்த்தேன். கடைசியில் ஒரு கேக்கை வெட்டவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மனைவிக்குச் சமையலில் ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். அவள் பொறுமைசாலி. ஒரு மாதம் முழுக்கப் பொறுத்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கயாவது போய்ச் சும்மாவெண்டாலும் நில்லுங்கோவன்" என்றாள்.

சும்மா நிற்கும் வேலை ஒன்று உண்மையாகவே கிடைத்தது. பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு பழைய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வார இறுதிகளில் பழைய காலத்து உடுப்பில் நின்று, வருகிறவர்களுக்கு அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. மேலாளர் அம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அகன்ற விளிம்புள்ள தொப்பி ஒன்றை என் தலையில் வைத்துப் பார்த்தார். தொப்பி அளவாக இருந்தது. வேறு யாரும் விண்ணப்பிக்கவும் இல்லை.

அந்த வீட்டுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டுக் குவேக்கர். பென்சில்வேனியாவில் தொப்பிக் கடை வைத்திருந்துவிட்டு, வயது போன காலத்தில் பிள்ளைகளோடு மாட்டுவண்டி கட்டி இந்தக் குளிருக்குள் வந்தவர். அந்த ஒரு விஷயத்திலேயே எனக்கும் அவருக்கும் ஒத்துப்போய்விட்டது. சுகமான இடத்தை விட்டுவிட்டுக் குளிருக்குள் வருகிறவர்களை எனக்கு நன்றாகப் புரியும்.

குவேக்கர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, மணியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வெறும் மண்டபத்தில் நீள வாங்குகளில் உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது உந்தினால் அவர் எழுந்து சொல்லுவார். ஒருவருக்கும் உந்தாவிட்டால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒலிபெருக்கி இல்லாமலும் கடவுளைக் கும்பிடலாம் என்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது.

தொப்பிக்காரர் ஆயுள் முழுக்கத் தொப்பி செய்தவர். ஆனால் ஒருவருக்கும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததில்லை. எல்லா மனிதரும் சமம், ராசா வந்தாலும் தொப்பி தலையில்தான் இருக்கும் என்பது அவர்களின் கொள்கை. பொன் சரிகை வைத்த தொப்பி கேட்டு வந்த தளபதியை, "அது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய மனைவி சபையில் அடிக்கடி எழுந்து பேசுவாராம். இவர் வாயே திறக்கமாட்டாராம். அந்த வகையில் எங்கள் வீடும் பாதி குவேக்கர் வீடுதான். மற்றப் பாதியை நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என்னைப் பார்த்து, குவேக்கர்கள் எல்லாரும் உங்களைப் போல மண்ணிறமா என்று கேட்டது. வயலில் நல்ல வெயில் என்றேன். மேலாளர் அம்மா பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குவேக்கர்கள் பொய் சொல்லமாட்டார்கள்" என்றார்.

அது எனக்குள் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. ஒரு பிறந்தநாள் விழாவில், தெரிந்த அன்ரி ஒருவர் புதுச் சேலையோடு வந்து, "தம்பி, இந்தக் கலர் எனக்கு எப்பிடி?" என்று கேட்டார். நான் தொப்பிக்காரரை நினைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். விழாவின் மிச்ச நேரத்தைக் காருக்குள் இருந்து கழித்தேன்.

இந்த நிலையில்தான் மகள் தன் விஷயத்தைச் சொன்னாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளர். கூட வேலை செய்கிற பெடியனைப் பிடித்துவிட்டது. அவனுடைய குடும்பம் மட்டக்களப்பு, இப்போது பிக்கரிங்கில் வீடு. ஞாயிறு பின்னேரம் தாய் தகப்பனோடு வருகிறார்கள்.

"அப்பா, ப்ளீஸ், நோ ஜோக்ஸ்" என்றாள். "அவற்ற அண்ணாவுக்கு முதல் ஒரு யாழ்ப்பாண வீட்டில பேசிப் போய் இன்சல்ட் பண்ணிட்டினமாம். அவற்ற அப்பாக்கு அது இன்னும் மனசில கிடக்குது. அவர் நோ எண்டா, இவர் அவரை எதிர்த்து வர மாட்டார். திஸ் இஸ் மை லைஃப், அப்பா."

மனைவி பக்கத்தில் நின்றாள். "உவர் வாயைத் திறந்தாலே பகிடிதான் வரும்" என்றாள். "போன முறை பெரியக்கான்ர மகள்ர கலியாணப் பேச்சில, மாப்பிளைக்கு மயிர் எப்ப கடைசியா இருந்தது எண்டு கேட்டவர்."

"நியாயமான கேள்விதானே?"

"இஞ்சாருங்கோ, நீங்கள் உங்கட தொப்பிக்காரர் மாதிரி இருங்கோ. வாயைத் திறக்காதேங்கோ."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் அவள் என் தொழிலை மதித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. குவேக்கர் முறைப்படியே இருப்பேன், உள்ளே உந்தாமல் ஒரு சொல் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு வந்தார்கள். தகப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அகலமான மனிதர். கதவுக்குள் வரும்போதே வீட்டை ஒரு தரம் அளந்துகொண்டு வந்தார். தாய் கையில் தொதல் இனிப்புப் பெட்டி. பெடியன் குளிர்த் தொப்பியைக் கழற்றினான். பெடியனுக்குத் தலை கொஞ்சம் பெரிசு. மூளைக்கும் இடம் வேண்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மகள் முறைப்படி மேல்மாடியில் இருந்தாள். படிக்கட்டில் அவள் காலுறை மட்டும் தெரிந்தது.

"அண்ணன், ரோட்டெல்லாம் ஒரே ஸ்னோ" என்றார் தகப்பன்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஹைவேயில ஆக்சிடன்ட் வேற."

ஆட்டினேன். முகத்தில் சாந்தம் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தேன். அருங்காட்சியகத்துக் கண்ணாடியில் பழகிய சாந்தம். மனைவி பிறகு சொன்னாள், அது வயிற்றுக்குத்து வந்தவன் முகம் போல இருந்ததாம்.

"இவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்றாள் மனைவி.

பொய். பக்கத்தில் ஒரு குவேக்கரை வைத்துக்கொண்டு கூசாமல் பொய். நான் கூரையைப் பார்த்தேன்.

பெடியனின் தாய் தட்டிலிருந்த ரோல்ஸைக் கடித்தார். "நல்லா இருக்கு. வீட்டுலயா செஞ்சது?"

"ஓம், காலமை எழும்பிச் செய்தனான்."

அந்த ரோல்ஸ் பிளாசாவில் நான் வரிசையில் நின்று வாங்கியவை. இரண்டாம் தடவையும் கூரையைப் பார்த்தேன். தகப்பனும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. நல்ல ஆழமான மௌனம். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் சபையே இவ்வளவு நன்றாக அமைதி காத்திருக்காது.

தகப்பன் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "அண்ணன், நேராக் கேக்கிறன். உங்களுக்கு இதுல விருப்பமா, இல்லியா?"

இது பெரிய கேள்வி. குவேக்கர் முறையில் வாய்க்கு வந்த முதல் சொல்லை நம்பக்கூடாது. உள்ளே உந்துகிறதா என்று பார்த்தேன். முதலில் வந்தது ஒரு பகிடி. விழுங்கினேன். அடுத்ததும் பகிடி. அதையும் விழுங்கினேன். இப்படி நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்துவிட்டார்.

"இப்பிடித்தான்" என்றார். குரல் உயரவில்லை. "மூத்தவனுக்கும் ஒரு வீட்டுக்குப் போனம். தேத்தண்ணி தந்தாங்க, ரோல்ஸ் தந்தாங்க, ஒரு சொல்லும் பேசல்ல. பேசாமலே எங்கள அனுப்பினாங்க. திட்டியிருந்தாலும் மறந்திருப்பன். எழும்பு மனே, போவம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் இவரைக் கேலி செய்து அவமதிக்கவில்லை. பேசாமல் இருந்துதான் அவமதித்திருக்கிறார்கள். நான் அதையே இன்னும் சிறப்பாகச் செய்து முடித்திருக்கிறேன். மகள் படிக்கட்டில் பாதி இறங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உந்தியது. நான் எழுந்தேன். எழுந்து சொன்னேன்:

"தம்பியின்ர தலை அளவு என்ன?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன?" என்றார் தகப்பன்.

"தலை. எத்தினை இஞ்சி?"

"எங்கட தலையில என்னயாம் குறை?"

பிறகு நான் நிறுத்தவில்லை. தொப்பிக்காரருக்கு ஒரு மகள் இருந்த கதையைச் சொன்னேன். அவள் சபைக்கு வெளியே ஒருவனைப் பாதிரியார் முன்னிலையில் கட்டிவிட்டாள். சபை இரண்டு பெரியவர்களை அனுப்பி விசாரித்துவிட்டு அவளைத் தள்ளிவைத்தது. தொப்பிக்காரர் வாரா வாரம் சபைக்குப் போய் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். அவரும் மகளைக் கைவிட்டுவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சபையில் எழுந்து நின்றார். "என் மருமகனுக்குத் தலை பெரிது. அவனுக்குத் தொப்பி செய்யப் புதிதாக ஒரு மர அச்சு வேண்டும்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அந்தத் தலை அச்சு இன்றைக்கும் நான் வேலை செய்கிற வீட்டில், ஜன்னலோரத்தில் இருக்கிறது. பூசணிக்காய் போல.

"அவர் பேசாமல் இருந்தது விருப்பமில்லாமல் இல்லை, அண்ணை. என்ன சொல்லுறதெண்டு தெரியாமல். நானும் அப்பிடித்தான். நான் வாயைத் திறந்தால் பகிடிதான் வரும், அதால இவள்ட வாழ்க்கை கெட்டுப்போகும் எண்ட பயத்தில மூடிக்கொண்டிருந்தன். எனக்குத் தொண்டை கட்டேல்லை. அந்த ரோல்ஸும் கடை ரோல்ஸ்."

மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சரிகைத் தொப்பி கிடைக்காத தளபதி பார்த்திருக்கக்கூடிய பார்வை.

தகப்பன் நின்றபடியே தன் மனைவியைப் பார்த்தார். பிறகு தொதல் பெட்டியைப் பார்த்தார். "இவ நேத்துக் கிண்டினதெண்டு சொல்லச் சொன்னவ" என்றார். "அதுவும் கடைதான்."

"ஆரு கேட்ட உங்கள?" என்றார் அந்த அம்மா.

மகள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பெடியனும் சிரித்தான். ஆனால் தகப்பன் சிரிக்கவில்லை. அவர் குளிர்ச்சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். தேநீர் கோப்பையில் அப்படியே இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறம் அண்ணன்" என்றார். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அதற்கு அர்த்தம் 'முடியாது' என்பதுதான். மட்டக்களப்பில் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. மனைவியைக் கேட்டேன். "உங்கட தொப்பிக்காரரிட்டக் கேளுங்கோ" என்றாள்.

அந்தக் கிழமை முழுக்க மகள் என்னோடு பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள், போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். வீட்டில் இப்போது உண்மையான குவேக்கர் அவள்தான். பெடியன் தகப்பனோடு கதைத்துக்கொண்டிருக்கிறானாம், தகப்பன் ஒன்றும் சொல்கிறாரில்லையாம். நான் ஒரு பகிடி சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்காமல் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் தொப்பியோடு நின்றேன். ஆட்கள் இல்லாத நேரம். ஜன்னலோரத்து அச்சைத் தூசு துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெடியனின் தகப்பன். பதினெட்டாம் நூற்றாண்டில் நிற்கும்போது போன் எடுக்கக்கூடாது என்பது விதி. எடுத்தேன். தொப்பியைக் கழற்றக்கூடாது என்பதும் விதி. எப்படியோ அது என் கையில் இருந்தது.

"அண்ணை" என்றேன். "என்ன முடிவு?"

அந்தப் பக்கம் கார் எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது. எனக்கு உள்ளேயிருந்து ஐந்தாறு பகிடி உந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவர் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"இருபத்துநாலு இஞ்சி."